கைக்கு எட்டியது விரலுக்கு எட்டவில்லை: மெய்நிகர் பொருளைப் பிடிக்கவைக்கும் வேலையில் இறங்குபவர்களுக்கு

மேசைமேல் ஒரு மரக்கட்டை. அதே அளவில், அதே இடத்தில், வி.ஆர். (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட்டுக்குள் இன்னொரு கட்டை. இரண்டையும் மனிதர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படிக் கைநீட்டி எடுக்கிறார்கள் என்று ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். திட்டமாக எழுதும்போது சில வாரத்து வேலை போலத் தெரியும். இறங்கியபின் மாதங்களை விழுங்கும். முதல் சுற்றில் சேர்த்த தரவில் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும். ஹெட்செட் வாங்கிய காசு போனால்கூட மனசு ஆறிவிடும். நேரம் ஒதுக்கி வந்து உட்கார்ந்தவர்களை இன்னொரு முறை வரச்சொல்லிக் கேட்கும் சங்கடம் இருக்கிறதே, அது ஆறாது. கட்டுரைகளின் செய்முறைப் பகுதி எல்லாம் சுமுகமாக நடந்தது போலவே எழுதப்பட்டிருக்கும். எங்கே இடறும் என்று அதில் இருக்காது. அதை எழுதத்தான் இது.

நிஜக் கை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஹெட்செட்டைத் தொடாதீர்கள். 1980-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு நரம்பியல் ஆய்வாளர் மார்க் ஜன்ரோ, கைநீட்டிப் பிடிக்கும் அசைவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மணிக்கட்டு பொருளை நோக்கி நகர்வது ஒன்று, விரல்கள் பொருளின் அளவுக்கேற்ப விரிந்து மூடுவது இன்னொன்று. கை கிளம்பும்போதே விரல்கள் விரியத் தொடங்கிவிடும். பொருளின் அகலத்தைவிடக் கூடுதலாக விரிந்து, மொத்த நேரத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் கடந்த நிலையில் உச்ச விரிவை எட்டி, பிறகு மூடிக்கொண்டே வந்து பொருளைத் தொடும். பொருள் 1 செ.மீ. அகலமானால் உச்ச விரிவு சுமார் 0.8 செ.மீ. கூடும். இந்த 0.8 என்ற விகிதம், அதாவது சாய்வுதான், உங்கள் அளவுகோல். உங்கள் நிஜக் கட்டைத் தரவிலேயே இது 0.3 என்றோ 1.4 என்றோ வந்தால் மனிதர்களைச் சந்தேகிக்க வேண்டாம், கருவியைச் சந்தேகியுங்கள். மெய்நிகர் பக்கம் போவதற்கு முன் இந்தச் சோதனையில் தேறியே ஆக வேண்டும்.

அதற்கான ஏற்பாடு பெரிய வித்தையல்ல. 2, 3, 4, 5, 6 செ.மீ. அகலமுள்ள கட்டைகள்; உயரமும் ஆழமும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. கை கிளம்பும் இடத்திலிருந்து 25 முதல் 40 செ.மீ. தூரம். உட்கார்ந்திருப்பவர் முதுகை நாற்காலியிலிருந்து எடுக்காமல் எட்ட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு சாய்ந்த தூரமும் கைத் தூரத்தில் கலந்துவிடும். அளவிடும் மார்க்கர்களை, அதாவது தனிக் கேமராக்கள் பின்தொடரும் சிறு குறிகளை, கட்டைவிரல், சுட்டுவிரல் நகங்களின் ஓரத்தில் ஒட்டுங்கள். விரல் சதையில் ஒட்டினால் பிடிக்கும் விதமே மாறிவிடும். மணிக்கட்டில் ஒன்று. நகத்தில் ஒட்டியதால் விரல் தடிமன் அளவோடு சேர்ந்து வரும். ஒவ்வொருவரையும் இரண்டு விரல்களையும் சேர்த்து வைக்கச் சொல்லி, அப்போது காட்டும் இடைவெளியைக் குறித்துக்கொண்டு எல்லா அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். அளவெடுக்கும் வேகம் குறைந்தது 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 தடவை), முடிந்தால் 200. நடுக்கத்தை நீக்க 10 ஹெர்ட்ஸ் அளவில் பட்டர்வொர்த் வடிப்பான் (அதைவிட வேகமான ஆட்டத்தைக் கழிக்கும் கணக்குமுறை) போதும். அதை முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே திசையில் ஓட்டினால் அசைவு முழுவதும் பல மில்லிவிநாடி தள்ளிப்போகும், பிறகு எந்த நேரக் கணக்கும் ஒத்துவராது. மணிக்கட்டின் வேகம் விநாடிக்கு 5 செ.மீ.யைத் தாண்டியதும் அசைவு தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

தொடக்கம் எளிது. முடிவுதான் சிக்கல், மெய்நிகர் பக்கத்தின் வில்லங்கம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. நிஜத்தில் விரல் கட்டையைத் தொட்ட கணத்தில் அசைவு தானாக நிற்கிறது. தொட்டதைத் தோல் உணர்கிறது, பிடியின் அழுத்தம் ஏறுகிறது, தூக்கும் விசையும் அதோடு இணையாக ஏறுகிறது. 1984-இல் யோஹான்சன், வெஸ்ட்லிங் என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் உப்புத்தாள், மென்தோல், பட்டு ஆகிய பரப்புகளை வைத்து இதை அளந்தார்கள். வழுக்கும் பரப்பு என்றால் கை கூடுதலாக அழுத்துகிறது. நழுவாமலிருக்கத் தேவைப்படும் அழுத்தத்துக்கு மேல் கொஞ்சம் மட்டும் கையிருப்பு வைத்துக்கொள்கிறது. விரல் நுனியை மரத்துப்போகச் செய்தால் இந்தச் சூட்சுமம் கெட்டுவிடுகிறது. வெறுங்கையால் மெய்நிகர்க் கட்டையைப் பிடிப்பவருக்கு இதில் எதுவுமே இல்லை. விரல் காற்றில் மூடுகிறது, எங்கே நிறுத்துவது என்று சொல்லத் தோலுக்கு வழியில்லை. அந்த வேலையைக் கண் எடுத்துக்கொள்கிறது. அதனால் கடைசிச் சில சென்டிமீட்டர்களில் கை தயங்கித் தயங்கி மெதுவாகிறது, விரல்கள் தேவைக்கு மேல் விரிகின்றன, மூடும் நேரம் நீள்கிறது. இதைப் பார்த்துவிட்டு ‘மெய்நிகரில் பொருள் பெரிதாகத் தெரிகிறது போலும்’ என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அவசரம். பார்வை சரியாகவே இருந்து, தொடுதல் இல்லாததால் மட்டும் இதே மாற்றம் வரலாம்.

இது வெறும் சந்தேகமல்ல. 1992-இல் மில்னர், குடேல் என்ற ஆய்வாளர்கள், எதுவென்று அறியும் பார்வைக்கும் செயலை வழிநடத்தும் பார்வைக்கும் மூளையில் வெவ்வேறு பாதைகள் என்றார்கள். டி.எஃப். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் நோயாளி அதற்குப் பெரிய ஆதாரம். வடிவத்தைச் சொல்லத் தெரியாதவர், கையால் எடுக்கும்போது மட்டும் விரலைச் சரியான அளவுக்கு விரித்தார். ஆனால் அங்கே பொருள் இருப்பதாக நினைத்துப் பாவனையாக எடுக்கச் சொன்னபோது அந்தத் திறமை காணாமல் போனது. 2012-இல் ஷெங்க் என்ற ஆய்வாளர் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, பொருள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கை போகும் இடத்தில் ஒன்றும் இருக்காது என்று ஏற்பாடு செய்தார். அப்போதும் அந்த நோயாளியால் அளவுக்கேற்ப விரிக்க முடியவில்லை. அந்த முடிவை எப்படிப் பொருள் கொள்வது என்பதில் சண்டை நடந்தது, அது நமக்கு வேண்டாம். வேண்டியது இவ்வளவுதான்: கை போய்ச் சேரும் இடத்தில் தொட ஒன்று இருப்பதும் இல்லாததும் அசைவையே மாற்றுகிறது. ஹெட்செட் ஏற்பாடு என்பது பெரும்பாலும் அந்தக் கண்ணாடி ஏற்பாடுதான், விலைதான் அதிகம்.

ஆகவே ஒப்பீடு செய்கிறவர் இரண்டு நிலைகளோடு நிறுத்தாமல் மூன்றாவதையும் சேர்க்க வேண்டும். நிஜக் கட்டை ஒன்று, மெய்நிகர்க் கட்டை ஒன்று, மெய்நிகராகத் தெரிந்தாலும் அதே இடத்தில் நிஜக் கட்டை காத்திருக்கும் நிலை ஒன்று. மூன்றாவது இல்லாமல் வரும் வித்தியாசம் ஹெட்செட்டின் பார்வையால் வந்ததா, தொடுதல் இல்லாததால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எத்தனை பேருடைய எத்தனை மாதம் மிஞ்சியிருக்கும் என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

மூன்றாவது நிலையை அமைப்பது கொஞ்சம் நுணுக்கமான வேலை. படத்திலுள்ள கட்டையும் கையில் தட்டுப்படும் கட்டையும் 2, 3 மி.மீ.க்குள் பொருந்த வேண்டும். 1 செ.மீ. விலகினால் கை முட்டி நிற்கும், படத்தில் விரல் இன்னும் காற்றில் இருக்கும். பங்கேற்பவர் அதைக் கண்டுகொண்டபின் கண்ணை நம்பமாட்டார். மேசையில் மூன்று புள்ளிகளைக் குறித்து, விரல் நுனியில் ஒட்டிய மார்க்கரால் அல்லது கன்ட்ரோலரின் (ஹெட்செட்டோடு வரும் கைப்பிடிக் கருவி) தெரிந்த ஒரு முனையால் அவற்றைத் தொட்டு, மெய்நிகர் மேசையை அந்த மூன்று புள்ளிகளுக்குப் பொருத்துங்கள். தரைமட்டத்தை ஹெட்செட் தானாகக் கணித்ததை நம்ப வேண்டாம், அது 1, 2 செ.மீ. தவறுவது சர்வசாதாரணம். பொருத்தியபின் நாலாவதாக ஒரு புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். பொருத்தப் பயன்பட்ட மூன்றில் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். ஹெட்செட்டைக் கழற்றி மாட்டினாலோ, உறங்கு நிலைக்குப் போய் எழுந்தாலோ மையம் நகர்ந்திருக்கலாம், ஒவ்வொருவருக்கும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்தது கண். பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையிலான தூரம் சராசரியாக 63 மி.மீ., ஆனால் 55-க்குக் கீழும் 70-க்கு மேலும் ஆட்கள் இருக்கிறார்கள். குவெஸ்ட் 2 போன்ற ஹெட்செட்டில் வில்லைகளை வைக்க 58, 63, 68 என மூன்றே இடங்கள்தான். நடுவில் விழுபவர்களுக்குப் படம் லேசாக மங்கும், ஆழம் பற்றிய உணர்வும் மாறும். ஒவ்வொருவருக்கும் அளந்து, வைத்த அளவையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆராயும்போது அது ஒரு காரணியாகத் தேவைப்படும். கண்ணாடி அணிபவர்களைக் கழற்றச் சொல்லாமல், ஹெட்செட்டோடு வரும் இடைவளையத்தைப் போட்டுவிடுங்கள். இன்னொன்றை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது. ஹெட்செட்டின் வில்லை எல்லாப் படத்தையும் ஒரே தூரத்தில், பொதுவாக 1 மீட்டருக்கு மேல், குவிக்கிறது. கை எட்டும் பொருளோ 40 செ.மீ.யில். இரு கண்களும் 40 செ.மீ.க்குச் சாய்கின்றன, கண்வில்லை அதைவிடத் தள்ளிக் குவிய வேண்டியிருக்கிறது. கண்வலியும் தலைவலியும் பெரும்பாலும் இதிலிருந்துதான். முகத்துக்கு 30 செ.மீ.க்கும் அருகில் பொருளை வைக்காதீர்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி ஓய்வு கொடுங்கள். ‘மெய்நிகரில் தூரம் குறைவாகத் தெரியும்’ என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 2013-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் சராசரி மதிப்பீடு உண்மைத் தூரத்தில் 74 சதவீதம் என்று இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் பல ஆய்வுகள் நடந்துபோய்ச் சேரும் தூரத்தைப் பற்றியவை, கருவிகளும் பழையவை. கை எட்டும் தூரத்துக்கு அந்த 74-ஐ அப்படியே தூக்கிவைத்து அளவைத் திருத்துவது வம்பை விலைக்கு வாங்குவது.

இனி தாமதம், அதாவது கை அசைந்தபின் படத்திலுள்ள கை அசைய ஆகும் நேரம். ஹெட்செட் நிறுவனம் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம், நீங்களே அளக்கலாம். விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஃபோன் போதும், ஒரு ஃபிரேம் சுமார் 4 மில்லிவிநாடி. நிஜக் கையும் ஹெட்செட் வில்லைக்குள் தெரியும் படமும் ஒரே சட்டத்தில் விழும்படி ஃபோனை வைத்து, கையைத் திடீரென்று அசைத்து நிறுத்துங்கள். இரண்டும் அசையத் தொடங்கும் ஃபிரேம்களின் வித்தியாசமே தாமதம். சீராக அசைத்து அளந்தால் எண் குறைவாக வரும், ஏனென்றால் மென்பொருள் அடுத்த இடத்தை முன்கூட்டியே ஊகித்துக் காட்டிவிடும். திடீர் அசைவை அதனால் ஊகிக்க முடியாது. கன்ட்ரோலரைவிட, ஹெட்செட்டின் கேமராவே கையைப் பின்தொடரும் வெறுங்கைக் கண்காணிப்பில் தாமதம் கூடுதலாக இருக்கும், அதுவும் குறித்துவைக்க வேண்டிய எண்.

வெறுங்கைக் கண்காணிப்பின் பெரிய பலவீனம் மறைப்பு. ஹெட்செட்டுகளுக்கான பொதுத் தரமான ஓபன்எக்ஸ்ஆர்படி ஒரு கைக்கு 26 மூட்டுப் புள்ளிகள் வரும். 26-உம் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் கேமராவுக்குத் தெரியாத விரலின் இடம் ஊகம்தான். ஹெட்செட் தலையில் இருக்கிறது, கை முன்னால் நீண்டிருக்கிறது, புறங்கை விரல்களை மறைக்கிறது. பிடிக்கும் கடைசிக் கட்டத்தில், நமக்கு மிகவும் வேண்டிய அந்த நொடியில்தான் விரல்கள் மறைந்துபோகின்றன. கட்டையைச் சற்று இடப்புறமோ வலப்புறமோ வைத்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் பக்கவாட்டில் தெரியும்படி பிடிக்கச் செய்தால் பாதித் தொல்லை தீரும். ஒவ்வொரு புள்ளியோடும் ஓர் ஆரமும் வரும், தோல் எங்கே என்பது அந்த ஆரத்தைக் கணக்கில் எடுத்தால்தான் தெரியும். அதை விட்டுவிட்டால் விரல்கள் மெலிந்து, தொட்டபின்னும் கட்டையிலிருந்து விலகி நிற்கிற மாதிரி கணக்கு வரும். அறை நல்ல வெளிச்சமாக இருக்கட்டும், ஆனால் வில்லைமேல் வெயில் விழவே கூடாது, சில நொடிகளில் திரையில் நிரந்தரப் புள்ளி விழுந்துவிடும். அளப்பதற்கு ஹெட்செட்டின் கைக் கண்காணிப்பைப் பயன்படுத்தாமல், எல்லா நிலைகளுக்கும் ஒரே மார்க்கர் கருவியால் அளப்பதுதான் நேர்மை. மார்க்கர் கேமராக்களின் அகச்சிவப்பு ஒளி ஹெட்செட்டைக் குழப்பலாம், பளபளக்கும் மார்க்கர்கள் கைக் கண்காணிப்பைக் குழப்பலாம். இரண்டையும் சேர்த்து ஒரு முழுநாள் ஓட்டிப் பார்த்தபின்தான் ஆட்களுக்குத் தேதி கொடுங்கள்.

இனி பிடி. யூனிட்டி என்ற விளையாட்டு எஞ்சினில் (மெய்நிகர்க் காட்சியை இயக்கும் மென்பொருள்) செய்பவர்களுக்குச் சொல்கிறேன், மற்ற எஞ்சின்களிலும் இதே சங்கதிதான். இயற்பியல் கணக்கின் நேர இடைவெளி முன்னிருப்பாக 0.02 விநாடி, அதாவது விநாடிக்கு 50 தடவை. திரை 90 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. கையில் எடுத்த பொருள் நடுங்குவது இதனால்தான். 1-ஐ 90-ஆல் வகுத்து 0.0111 என்று மாற்றுங்கள். மோதல் கணக்குத் தொடங்கும் தூரம் முன்னிருப்பாக 0.01, அதாவது 1 செ.மீ. 2 செ.மீ. கட்டைக்கு அது மிக அதிகம், 0.001-க்கு இறக்கலாம். சுழலும் வேகத்துக்கு விநாடிக்கு 7 ரேடியன் என்று உச்சவரம்பு இருக்கிறது, மணிக்கட்டைத் திருப்பினால் பொருள் பின்தங்குவது அதனால். இவ்வளவும் செய்து, விரல் நுனிகளுக்கு மோதல் உருண்டை வைத்து, உராய்வை ஏற்றி, நிஜம் போலவே இரு விரல் அழுத்தத்தால் தூக்கவைக்கலாம் என்று எல்லாரும் ஆசைப்படுவோம். ஆகாது. கண்காணிக்கப்படும் விரலை எஞ்சினால் தடுத்து நிறுத்த முடியாது. நிஜ விரல் மூடிக்கொண்டே போகும், உருண்டைகள் கட்டைக்குள் புகும், எஞ்சின் அவற்றைப் பிரிக்கப் பார்க்கும், கட்டை பட்டாசு மாதிரி தெறித்து அறையின் மூலைக்குப் போகும். உராய்வு எண்ணை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் உட்கார்ந்தாலும் இதுதான் நடக்கும்.

வேலைக்கு ஆகும் வழி வேறு. இரண்டு விரல் நுனிகளும் கட்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்து, இடைவெளி கட்டையின் அகலத்தோடு 3 மி.மீ. வரை நெருங்கினால், பிடித்ததாகக் கொண்டு கட்டையைக் கையோடு இணைத்துவிடுங்கள். விடுவிப்பதற்கு அதே எல்லையை வைக்காதீர்கள், கண்காணிப்பு நடுக்கத்தில் பிடிப்பதும் விடுவதும் மாறிமாறி நடக்கும். அகலத்தைவிட 12, 15 மி.மீ. விரிந்தால்தான் விடுவது என்று வையுங்கள். கன்ட்ரோலர் விசை (விடுபட்டால் 0, முழுக்க அழுத்தினால் 1) என்றாலும் அப்படியே: 0.7-இல் பிடி, 0.4-இல் விடு. பிடித்தபின் காட்டும் கை கட்டைக்குள் புகாமல் பரப்பிலேயே நிற்க வேண்டும், உள்ளே மூடும் நிஜ விரலைக் காட்டத் தேவையில்லை. பார்ப்பவருக்கு அதுதான் இயல்பாக இருக்கிறது. ஆனால் ஒன்று: நிஜ விரல் அதிகம் மூடியிருந்தால் விடுவிக்க அவ்வளவு தூரம் திறக்க வேண்டும், பொருள் கையில் பசைபோட்டு ஒட்டியதாகத் தோன்றும். மூடிய குறைந்தபட்ச இடைவெளியைக் கவனித்து, அங்கிருந்து 15 மி.மீ. திறந்தாலும் விடலாம் என்று இரண்டாவது விதி ஒன்றைச் சேருங்கள். தொட்ட கணத்தில் ஒரு சின்ன ஒலியும் கட்டையின் நிறமாற்றமும் கொடுத்தால் தடுமாற்றம் வெகுவாகக் குறைகிறது. ஆய்வென்றால் அந்த ஒலியை எல்லா நிலைகளிலும் கொடுங்கள், அல்லது எதிலும் கொடுக்காதீர்கள்.

அதிர்வுக் கையுறை வாங்கலாமா என்று கேட்பார்கள். அதிர்வு, தொட்டாயிற்று என்ற செய்தியை மட்டும் சொல்லும், விரலை நிறுத்தாது. விரலைப் பிடித்து நிறுத்தும் கையுறைகள் உண்டு. விலை அதிகம், அளவு எல்லாக் கைக்கும் பொருந்தாது, மாட்டிக் கழற்றவே நேரம் போகும். எடையை எதுவும் தராது. அந்தக் காசுக்குப் பதிலாக நிஜக் கட்டையை அதே இடத்தில் வைக்கும் ஏற்பாடு, என் கணிப்பில், பல மடங்கு மேல்.

எடையைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஒரே எடையுள்ள சிறியதும் பெரியதும் கொடுத்தால் சிறியது கனமாகத் தோன்றும், 1891-இலேயே ஷார்பான்டியே என்ற ஆய்வாளர் எழுதியது. 2000-இல் ஃபிளனகன், பெல்ட்ஸ்னர் என்ற ஆய்வாளர்கள் காட்டியது இன்னும் விசேஷம்: சில முறை தூக்கியதும் விரலின் விசை உண்மை எடைக்குப் பழகிவிடுகிறது, ஆனால் வாயால் கேட்டால் சிறியதுதான் கனம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கையின் விடையும் வாயின் விடையும் ஒன்றல்ல. அளவைப் பற்றியும் இதே கதைதான். ‘எவ்வளவு அகலம், விரலால் காட்டுங்கள்’ என்று கேட்டு வரும் அளவையும் எடுக்கும்போது விரியும் அளவையும் பக்கத்தில் வைத்து மில்லிமீட்டரில் ஒப்பிடக் கூடாது, இரண்டின் சாய்வும் வேறு. ஒவ்வொன்றையும் அதனதன் சாய்வால் வகுத்தபின் ஒப்பிடலாம்.

ஆட்களை உட்காரவைக்கும்போது மூன்று நிலைகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். மூன்று நிலைகளுக்கு ஆறு வரிசை, ஆகவே ஆறின் மடங்கில் ஆட்கள். மெய்நிகர் நிலைகளில் குறைந்தது 20 பழகு முயற்சிகள் கொடுத்து அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இடக்கையரைக் கலக்கவேண்டாம், அல்லது கட்டையின் இடத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல மாற்றிவையுங்கள். குமட்டல், தலைசுற்றல் பற்றிய 16 கேள்விப் பட்டியல் 1993-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை கேளுங்கள். முன்பு கேட்காமல் விட்டால், வரும்போதே தலைவலியோடு வந்தவரைக் கண்டுபிடிக்க வழியில்லை.

தரவைச் சேமிக்கும்போது வடிகட்டிய எண்ணை மட்டும் வைக்காதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேரமுத்திரை, மார்க்கர்களின் மூல இடம், கண்காணிப்பு உறுதியானதா ஊகமா என்ற குறி, தலை இருந்த இடம், கட்டை இருந்த இடம், பிடி விதி இயங்கிய கணம் ஆகிய எல்லாம் ஒரே கோப்பில் போகட்டும். முயற்சியின் முடிவை எங்கே வைப்பது என்பதை மூன்று நிலைக்கும் ஒரே விதியால், உதாரணமாக மணிக்கட்டின் வேகம் மறுபடி விநாடிக்கு 5 செ.மீ.க்குக் கீழே இறங்கும் கணம் என்று, முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள். கட்டை அசைந்த கணத்தை நிஜத்துக்கும், பிடி விதி இயங்கிய கணத்தை மெய்நிகருக்கும் முடிவாக எடுத்தால் உச்ச விரிவு எத்தனையாவது சதவீதத்தில் வந்தது என்ற கணக்கு இரண்டிலும் வேறு வேறு அடிப்படையில் நிற்கும். அப்படி எடுத்த தரவிலும் மூல இடங்கள் கோப்பில் இருந்தால் புது விதியால் மறுபடி கணக்கிட்டுவிடலாம், ஆட்களைக் கூப்பிட வேண்டியதில்லை.